தனசிங் சாரின் விரயமானி

விரயக் காவலர் என்று ஓர் இனம் இருக்கிறது, வாசகரே. குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் வரை தெருவுக்கு ஒருவராவது தேறுவார். அடுத்த வீட்டுக் குழாய் சொட்டினால் இவருக்குத் தூக்கம் வராது. பட்டப்பகலில் எங்கேயாவது விளக்கு எரிந்தால் இவர் வயிறு எரியும். யாராவது குளித்துக்கொண்டிருந்தால் கதவைத் தட்டி, இன்னும் எத்தனை சொம்பு என்று விசாரிப்பார். உலகம் கெட்டுக்கொண்டிருக்கிறது, அதுவும் தன் வீட்டு அடுப்படியிலிருந்துதான் கெடுகிறது என்பது இவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

கிழக்குத் தாம்பரம் தனசிங் சார் இந்த இனத்தின் சிகரம். கல்லூரியில் பௌதிக டெமான்ஸ்ட்ரேட்டர். ஊரே மண்ணெண்ணெய்க்கு க்யூவில் நின்ற எழுபத்து நாலாம் வருஷத்துக் கோடையில், மற்றக் காவலர்களெல்லாம் வாயால் செய்துவந்த வேலைக்கு அவர் ஒரு கருவியே செய்துவிட்டார். பழைய ரேடியோப் பெட்டி, அதில் மூன்று சிவப்பு பல்பு, டார்ச் செல்லில் அடிக்கும் ஒரு மணி. மாடித் தொட்டியில் தண்ணீர் பாதிக்குக் கீழே போனால் ஒரு பல்பு எரியும். இரண்டு விளக்குக்கு மேல் போட்டால் இன்னொன்று. அடுப்பு புகைந்தால் மூன்றாவது. எது எரிந்தாலும் மணி அடிக்கும். விரயமானி என்று பெயரும் வைத்தாயிற்று.

அவர் மனைவி மெட்டில்டா பள்ளிக்கூட டீச்சர். அறுபது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவர், இந்த மணியிடம் தோற்றுப்போனார். துணி அலசினால் மணி. மிளகாய் தாளித்தால் மணி. கடைசியில் ஒரு நாள் தீர்ப்பாகச் சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை நம்ம வீட்ல ஜெபக்கூட்டம். போதகர் வர்றார். அன்னிக்கு என் மானம் போச்சுன்னா, இந்தப் பெட்டியில அடைக்கோழிதான் உட்காரும், சொல்லிட்டேன்."

தனசிங் சாருக்கோ தலைகால் புரியவில்லை. போதகர் பார்க்கப் போகிறார்! அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதாதா, சபையில் வீட்டுக்கு வீடு விரயமானி மாட்டிவிட மாட்டார்களா? அந்த வாரம் முழுக்க அரை வாளிக் குளியல், ஒரே விளக்கில் சாப்பாடு, சுள்ளி சுள்ளியாகக் காயவைத்த விறகு. மணி மூச்சு விடவில்லை.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் வெயில் தாழுமுன்பே கூடம் நிறைந்துவிட்டது. தனசிங் சார் பெட்டியருகே நின்று நெடுநேரம் விளக்கினார். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். எதிர்வீட்டு ராஜகோபால் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"மணியே அடிக்கலையே சார், ரிப்பேரா?"

அடிக்காமல் இருப்பதுதானே ஐயா அதன் பெருமை! ஆனால் அடிக்காத மணியை வைத்துக்கொண்டு பெருமையை எப்படிக் காட்டுவது? டெமான்ஸ்ட்ரேட்டர் ரத்தம் சும்மா இருக்குமா? ஓடினார். கொல்லைக் குழாயைத் திறந்தார், குளியலறைக் குழாயைத் திறந்தார், வீட்டிலிருந்த அத்தனை விளக்கையும் போட்டார், அடுப்பில் பச்சைத் தென்னை மட்டையைச் செருகி ஊது ஊதென்று ஊதினார், கண்ணெல்லாம் சிவக்கக் கூடத்துக்கு ஓடி வந்தார். சற்றைக்கெல்லாம் மூன்று பல்பும் பளிச்சென்று எரிய, மணி கணகணவென்று முழங்க, போதகர் இருமிக்கொண்டே கைதட்டினார். ஆகா, என்ன ஆனந்தம்! பின்வரிசைக்காரர்களை ஒவ்வொருவராக அருகே அழைத்து மறுபடியும் முதலிலிருந்து விளக்கினார். குழாய்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

மெட்டில்டா காப்பி போட எழுந்து போனார். குழாய் புஸ்ஸென்றது. மோட்டார் போடலாமென்றால், அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. விளக்குகள் அணைந்தன, புகையும் அடங்கியது, மணி மட்டும் அடங்கவில்லை. தொட்டியில் பொட்டுத் தண்ணீர் இல்லையே, எப்படி அடங்கும்? தனசிங் சார் பெட்டியின்மேல் தலையணையை வைத்து அமுக்கினார். போதகர் மணியை மிஞ்சும் குரலில் ஜெபத்தை முடித்துவிட்டு எழுந்தார்.

"கருவி அருமை பிரதர். வீட்ல யார் வீணாக்குறாங்கன்னு கரெக்டா கண்டுபிடிச்சிடுச்சே."

மெட்டில்டா காலிப் பாத்திரத்தோடு எதிர்வீட்டுக்கு நடந்தார். காப்பி ராஜகோபால் வீட்டிலிருந்து வந்தது. பெட்டி கோழிக்கூட்டுக்குப் போனது.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் சற்றுமுன் வந்த விருந்தாளியிடம், எங்கள் கிணறு எந்தக் கோடைக்கும் வற்றாது என்று காட்ட மோட்டாரைப் போட்டீர்களே, அணைத்தீர்களா? எதற்கும் ஒருமுறை எழுந்து போய்ப் பாருங்கள். உங்கள் வீட்டில் மணி கிடையாது.