சேத்து மேடமும் ஆறு ஊறுகாய் ஜாடிகளும்

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் டிபன் கேரியரில் சேறு சுமந்த ஒரே மனுஷி எங்கள் சேத்து மேடம்தான். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரியில் அவர் நுண்ணுயிரியல் ஆசிரியை. நான் ஆய்வக உதவியாளன், அதாவது, கழுவுகிறவன். பல வருஷமாகக் கழுவிக் கழுவி, வீட்டில் காபி டம்ளரைப் பார்த்தாலே எனக்குக் கை வலிக்கும். அவர் அரியலூரிலிருந்து பஸ்ஸில் வருவார். ரெட்டிபாளையத்துப் பக்கம் ஏதோ குட்டையில் அள்ளிய சேறு கேரியரின் மூன்று அடுக்கிலும் இருக்கும். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னம்மா கொழம்பு அது?" என்பார்.

"ஊசிப்போச்சுங்க. கொட்டத்தான் கொண்டுபோறேன்."

சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள், தின்றதைச் செரிக்கும்போது எலக்ட்ரானை வெளியே தள்ளுமாம். கிராஃபைட் தகட்டைப் புதைத்தால், அதில் ஒட்டிக்கொண்டு அதனிடமே தள்ளிவிடும். ஒயர் கொடுத்தால் மின்சாரம். மேடம் ஆறு ஊறுகாய் ஜாடிகளில் சேற்றை நிரப்பி, ஆறு தகடுகளைக் கண்ணாடி மாதிரி இழைத்துப் புதைத்தார். இரண்டு மாதம் கழித்து, கடுகளவு சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது.

"தெரியுதாங்க அண்ணே?"

"தெரியுது மேடம்." எனக்குத் தெரியவில்லை. வாதாட அலுப்பு.

கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வருவதாகச் சொன்னார்கள். விளக்கு எரிந்தால் ஜாடிகள் இருந்த அறை மேடத்துக்கு. இல்லாவிட்டால் பழைய விடைத்தாள்களுக்கு. முந்தின நாள் மேடம் லீவு. "லேப்புல ஒரு பொட்டு அழுக்கு இருக்கக் கூடாது" என்றார் முதல்வர். ஜாடிக்குள் பார்த்தேன். தகடுகளில் பழுப்பாக, கொழகொழவென்று ஏதோ படிந்திருந்தது. ஆறையும் உருவி, கம்பி நாரால் தோள்பட்டை கழலத் தேய்த்து, பளிச்சென்று திரும்பப் புதைத்தேன். என் வாழ்க்கையில் நான் முழு மனதோடு கழுவியது அன்றைக்கு மட்டும்தான்.

காலையில் வந்த மேடம், வாளியில் கிடந்த பழுப்புத் தண்ணீரைப் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அண்ணே, அது அழுக்கு இல்லீங்க. அதுதான் பாக்டீரியா."

குழு வந்தது. விளக்கு எரியவில்லை. "யாரு இதத் தொட்டது?" என்று கேட்டு முதல்வர் என்னைப் பார்த்தார்.

"நாந்தான் சார். ஒயர மாத்திக் குடுத்துட்டேன்" என்றார் மேடம்.

அறை போயிற்று. ஜாடிகளைச் சைக்கிள் ஷெட்டுக்குச் சுமந்தோம். "ஏன் மேடம் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"என்னைய நாலு வார்த்தை திட்டுவாங்க. உங்கள வூட்டுக்கு அனுப்பிருவாங்க. பாத்துப் புடிங்க, தளும்புது."

மறுபடி பாக்டீரியா வளரட்டும் என்று காத்திருந்தார். வளர்ந்தபின் மீட்டர் முன்னைவிட அதிகம் காட்டியது. மேடம் நம்பவில்லை. மூன்று தகடுகளை மறுபடி வழவழவென்று இழைத்து, மற்ற மூன்றை மட்டும் என்னைத் தேய்க்கச் சொல்லி, முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் தேய்த்த மூன்றும்தான் ஜெயித்தன.

"சொரசொரப்புல புடிச்சு ஒக்காந்துருச்சுங்க. வழுக்குற எடத்துல குடிவெச்சது என் தப்பு."

அடுத்த வருஷம் வேறு ஊருக்கு வேலை கிடைத்துப் போய்விட்டார். இப்போதும் கழுவிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் புதிதாக வந்த ஆசிரியைகள் எந்தப் பாத்திரத்தைக் கொடுத்தாலும், முதலில் கேட்டுவிடுகிறேன்: "இதுல யாராச்சும் குடியிருக்காங்களா மேடம்?"