சாமிநாதனின் எரிமலை

லீவு லெட்டரில் காரணம் என்ற இடத்தில் சாமிநாதன் எழுதியது ஒரே வார்த்தைதான்: ரீயூனியன். வம்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

கோலார் தங்கவயல் பள்ளியில் அவரோடு படித்தவர்கள் இருபத்தைந்து வருஷம் கழித்துக் கூடுகிறார்கள். சுரங்கத்தை மூடியாகிவிட்டது, ஊரே காலியாகிக்கொண்டிருந்தது. இதை விட்டால் எல்லோரையும் ஒன்றாகப் பார்க்கவே முடியாது.

அவர் வேலை பார்த்த அல்சூர் பம்ப் கம்பெனியில் அந்த லெட்டரை வாங்கிய டைப்பிஸ்ட் ஷோபா, மேனேஜர் அறை வரைக்கும் கேட்கும்படி கத்தினாள்.

"அய்யோ சார், நீங்க போன வருஷம் போயிட்டு வந்தீங்களே, அதே தீவு! சாமிநாதன் சாரும் ரீயூனியன் போறாராம்!"

மேனேஜர் சேஷகிரி வெளியே வந்தார். மொரீஷியஸுக்குப் பக்கத்தில், பிரெஞ்சுக்காரர்கள் ஆளும் ரீயூனியன் என்ற அந்த எரிமலைத் தீவைப் பற்றிப் பேசிப் பேசியே ஒரு வருஷமாக ஆபீஸின் காதைப் புண்ணாக்கிய மனுஷன். சாம்பல் மேட்டில் தொப்பியோடு, பின்னால் புகை கிளம்ப அவர் நிற்கும் படம் மேஜைமேல் சட்டம் போட்டு வைத்திருந்தது.

"நீங்களா? அங்கயா?" சேஷகிரிக்கு வியர்த்தது.

தங்கவயல் என்று சொல்லத்தான் சாமிநாதன் வாயைத் திறந்தார். பழைய மாணவர் கூட்டத்துக்கெல்லாம் இவர் லீவு தரமாட்டாரே!

"ஆமா சார். அங்க சொந்தக்காரங்க இருக்காங்க. டிக்கெட் அனுப்பியிருக்காங்க."

பாழாய்ப்போன நாக்கு, அது பாட்டுக்குப் பேசிவிட்டது.

"அவ்ளோ தூரத்துக்கு ரெண்டு நாள் எப்படிப் பத்தும்? ஒரு வாரம் குடுங்க சார்," என்றாள் ஷோபா.

சேஷகிரி மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். "ஒண்ணு சொல்றேன், நான் பார்த்த மாதிரி இப்ப இருக்காது. எல்லாமே மாறியிருக்கும்."

"ஏர்போர்ட்டுக்கு நாங்களும் வர்றோம்!" என்றாள் ஷோபா.

"வேணாம்மா, பம்பாய்லதான் ஃபிளைட். ரயில்ல போறேன்."

அப்படியென்றால் ரயிலடிக்கு! கண்டோன்மெண்ட் ஸ்டேஷனுக்கு மொத்த ஆபீஸும் ரோஜா மாலையோடு வந்து நின்றது.

"எரிமலை போட்டோ கண்டிப்பா வேணும் சார், ஆபீஸ்ல மாட்டணும்!" ஜன்னல் வழியாகக் கத்தினாள் ஷோபா.

"அதெல்லாம் எதுக்கு?" என்று சேஷகிரி அவசரமாகச் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

பம்பாய் ரயிலில் ஏறிய சாமிநாதன் ஊர் தாண்டுவதற்குள் எலகங்காவிலேயே இறங்கி, மாலையை ஒரு மாட்டுக்குப் போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறித் தங்கவயல் போய்ச் சேர்ந்தபோது பிரியாணி தீர்ந்திருந்தது. பழைய தோழர்கள் கட்டிப்பிடித்தார்கள், அவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் ஆபீஸ் நினைப்பு விடவில்லை. பொய் சொல்லி லீவு எடுத்ததற்காகப் போன மாதம்தான் ஸ்டோர் கீப்பர் ரவியைச் சேஷகிரி வேலையைவிட்டே துரத்தியிருந்தார். எரிமலை இல்லாமல் திரும்பினால் தன் வேலையும் போச்சு.

சுரங்கத்திலிருந்து வந்த மண்ணை அந்த ஊரில் மலை மலையாகக் கொட்டி வைத்திருப்பார்கள். அத்தனையும் சாம்பல் நிறம். கூட்டத்தைப் படமெடுக்க வந்திருந்த ஸ்டூடியோக்காரர் டொமினிக்கைச் சாமிநாதன் அங்கே இழுத்துக்கொண்டு போனார்.

"இந்த மேட்டுல என்னை ஒரு படம் எடுங்கண்ணே. பாக்கறதுக்கு எரிமலை மாதிரி இருக்கணும். ஏன்னு மட்டும் கேக்காதீங்க."

டொமினிக் கேட்கவில்லை. பைக்குள் கைவிட்டு ஒரு தொப்பியை எடுத்து நீட்டினார்.

"இத்தப் போட்டுக்கோ சார். டயரு கொளுத்தட்டா? போன வருஷம் அவுரு பேட்ச் ரீயூனியனுக்கு வந்தப்போ, சேஷகிரி சாருக்கும் இப்படித்தான் எரிமலை பண்ணிக் குடுத்தேன்."