நான்காவது வட்டாரத்தின் ஒரே ஆசிரியர்

ஆசிரியர்களின் சம்பளம் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடுகிறதா என்பதை அறிவியல் முறைப்படி ஆராய்ந்து அறிக்கை சமர்ப்பிக்குமாறு கல்வித் துறை இயக்குநருக்கு மேலிடத்து உத்தரவு வந்தது. வேறுபடுகிறது என்பது கல்யாணத் தரகருக்குக்கூடத் தெரியும். வாத்தியார் மாப்பிள்ளை என்றால் எந்த வட்டாரம் என்றுதான் அவர் முதலில் கேட்பார். ஆனால் அவருக்குத் தெரிந்தது அறிவியல் முறைப்படி தெரிந்ததல்லவே!

பொறுப்பு புள்ளிவிவர அலுவலரிடம் ஒப்படைக்கப்பட்டது. சராசரி, சதவீதம் என்று மனிதராகப் பேசிக்கொண்டிருந்தவர்தான். வெளிநாட்டில் பயிற்சி முடித்து வந்ததிலிருந்து 'டம்மி மாறி' என்ற புதுக் கணக்கு முறையைத் தவிர அவர் வாயில் வேறு பேச்சே கிடையாது.

"வடக்கு, தெற்கு, மேற்குன்னு மூணு வட்டாரம் இருக்கு சார். ஒண்ணை அடிப்படையா ஒதுக்கி வச்சிடணும். அது பட்டியல்ல வராது. மத்த ரெண்டும் அதைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைச்சல்னு கம்ப்யூட்டர் சொல்லிடும்."

"எதை ஒதுக்குறது?"

"எதை வேணா ஒதுக்கலாம் சார். முடிவு மாறாது."

"முடிவு மாறாதுய்யா, நான் ஊர் மாறிடுவேன்! அமைச்சர் தெற்கு. அவர் மாமனார் வடக்கு. என் சம்சாரம் மேற்கு. மூணையும் போடு."

"மூணையும் போட்டா கம்ப்யூட்டர் ஒத்துக்காது சார்."

"அதுக்கு ஒரு மெமோ கொடு."

கொடுக்கப்பட்டது. உரிய காலத்தில் விளக்கம் வராததால், இயக்குநர் தீர ஆலோசித்து நான்காவதாக ஒரு வட்டாரத்தை உருவாக்கி ஆணை பிறப்பித்தார். பட்டியலில் இடம்பெறாமல் இருப்பதே அந்த வட்டாரத்தின் பணி. இயக்குநர் அலுவலக மாடிப்படிக்குக் கீழே உடைந்த நாற்காலிகள் போட்டுவைத்திருந்த அறைதான் அதன் முழு நிலப்பரப்பு.

"ஆள் வேணும் சார்," என்றார் புள்ளிவிவர அலுவலர். "ஒரு வாத்தியாராவது இல்லாம எதோட ஒப்பிடுறது?"

எங்கள் பள்ளியின் கணக்கு வாத்தியாருக்கு மாற்றல் வந்தது. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பின்னம். இயக்குநரின் சுற்றறிக்கையில் கூட்டல் தப்பு என்று ஒருமுறை வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டவர். வரலாறு நடத்துகிற எனக்கு அந்த மாதிரிக் கெட்ட பழக்கமெல்லாம் கிடையாது.

முதல் முடிவு வந்தபோது இயக்குநருக்கு வியர்த்துவிட்டது.

"என்னய்யா, மூணும் மைனஸ்?"

"பின்னம் சாருக்கு சர்வீஸ் ஜாஸ்தி, சம்பளமும் ஜாஸ்தி. அவரோட பார்த்தா எல்லா வட்டாரமும் குறைச்சல்தான் சார்."

"அவ்வளவுதானே!"

புள்ளிவிவர நலன் கருதி பின்னத்தின் சம்பளம் பாதியாக்கப்பட்டது. மூன்று வட்டாரங்களும் ப்ளஸ் ஆகிவிட்டன. அமைச்சர் மேடையேறி அறிவித்தார். நாங்கள் பட்டாசு வெடித்தோம். கைக்கு வந்த சம்பளத்தில் ஒரு காசு கூடவில்லை. இருந்தாலும் நம் பெயருக்கு நேரே ப்ளஸ் என்று அச்சில் பார்க்கும்போது வயிறு குளிரத்தான் செய்கிறது.

பின்னத்தின் மனைவி நேரே இயக்குநர் அறைக்குள் போய்விட்டார்.

"பொண்ணுக்குக் காலேஜ் பீஸ் கட்டணும். இவர் சம்பளத்துல பாதியை எங்க சார் காணோம்?"

"அம்மா, நாட்டுல இருக்கிற அத்தனை வாத்தியார் சம்பளத்தையும் உங்க வீட்டுக்காரரை வச்சுத்தான் அளக்குறோம். எப்பேர்ப்பட்ட கௌரவம்!"

"அளக்குற கோலுக்கும் வயிறு இருக்கு சார்."

"கோலை நீட்டினா நாடு குட்டையாயிடும்மா. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

மறு வருஷம் நாங்கள் சம்பள உயர்வு கேட்டோம். அரசு தாயுள்ளத்தோடு பரிசீலித்து, பின்னத்தின் சம்பளத்தை மறுபடியும் பாதியாக்கியது. எங்கள் ப்ளஸ் கிடுகிடுவென்று ஏறியது. அதைக் காட்டித்தான் நான் வீட்டுக் கடனே வாங்கினேன்.

அந்தச் சமயத்தில்தான், பழைய சம்பளத்தைத் திருப்பித் தரச் சொல்லிப் பின்னம் மனு கொடுத்துவிட்டார் என்று செய்தி கசிந்தது. சங்கத்துக்குத் தலைவர் யார் என்பதில்கூட ஒத்துப்போகாத மூன்று வட்டார ஆசிரியர்களும் ஒரே நாளில் ஒன்று சேர்ந்தோம். ஊர்வலமாக அலுவலக வாசலை அடைந்தோம்.

படிக்குக் கீழே இருந்து பின்னம் வெளியே வந்தார். பக்கத்தில் மனைவி. எங்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். எங்களைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்காகவாப்பா இத்தனை பேர் வந்திருக்கீங்க?"

சங்கச் செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு கோரிக்கையை வாசித்தார். "நான்காவது வட்டார ஆசிரியரின் சம்பளத்தை ஒரு காசுகூட உயர்த்தக் கூடாது!"

"கூடாது! கூடாது!" என்றோம். என் குரல்தான் எல்லோரையும் விட ஓங்கி ஒலித்தது; வீட்டுக் கடன் அப்படி.

பின்னம் உள்ளே போய் ராஜினாமா எழுதி இயக்குநர் கையில் கொடுத்தார். "வா, டியூஷன் எடுத்து பீஸ் கட்டிக்கலாம்," என்று மனைவியைக் கூட்டிக்கொண்டு, எங்கள் நடுவிலேயே நடந்து தெருவில் இறங்கிப் போய்விட்டார். எங்களுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அதற்கு மேல் வெட்கப்பட நேரம் கிடைக்கவில்லை.

"சார், நாலாவது வட்டாரம் காலி!" என்று புள்ளிவிவர அலுவலர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "பட்டியல் நாளைக்கு அச்சுக்குப் போகணும்!"

இயக்குநர் வெளியே வந்து படியில் நின்று எங்கள் கூட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிதானமாகப் பார்த்தார்.

"ஒருத்தர் போதும். நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

கோஷம் நின்றது. பக்கத்தில் நின்ற ஓவிய வாத்தியாரைக் காட்டலாம் என்று கையைத் தூக்கிக்கொண்டே திரும்பினேன். அவர் விரல் ஏற்கெனவே என்னை நோக்கி நீண்டிருந்தது.