எம்.ஏ. வகுப்பில் நான் செய்த ஜெபம்

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து (செத்துப்போன நாத்தனாரின் மகனையும் சேர்த்து). மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினவள். எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன். ஆனால் எம்.ஏ. ஆங்கில வகுப்பில் ஒருநாள் நடித்திருக்கிறேன். நடித்து, என் மகளின் வேலையை ஒரு வருடம் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

என் கடைக்குட்டி ஸ்டெல்லா ஒரகடம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். ஆறு வருடத்துக்கு முன்பு அவள் வேலை இன்னும் நிரந்தரமாகியிருக்கவில்லை. வெளியிலிருந்து இரண்டு பெரிய வாத்தியார்கள் வந்து, அவள் வகுப்பில் உட்கார்ந்து பார்த்து, சரி என்று எழுதிக் கொடுத்தால்தான் நிரந்தரம்.

அந்த நாளுக்கு அவள் எடுத்துக்கொண்டது ஓர் அமெரிக்க நாடகம். நான் மீன் கழுவும்போது கதை முழுதும் சொன்னாள். ஒருவனுக்கு ஃபேக்டரியில் வேலை போய்விடுகிறது. வீட்டில் சொல்லாமல் தினமும் சாப்பாட்டுடன் கிளம்பி, பார்க்கில் உட்கார்ந்துவிட்டு வருகிறான். பெண்டாட்டிக்கும் அது தெரியும். தெரியாதவள் மாதிரியே சாப்பாடு கட்டிக் கொடுக்கிறாள். கடைசிக் காட்சியில்தான் எல்லாம் வெளியே வரும். (இதற்கு அமெரிக்காவரைக்கும் போகணுமா? எங்கள் தெருவிலேயே மூன்று பேர்.)

மாணவர்களுக்கு முதல் காட்சியை மட்டும் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தாள்.

"அவன் ஏன் சாப்பிடாம எழுந்துக்கறான்னு அவங்களே கண்டுபுடிக்கணும்மா. அதான் என் பாடமே."

அன்று காலையில் ஒரு இடைஞ்சல். அந்தக் காட்சியில் வரும் வாய் பேசாத மாமியாராக நடிக்க வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல்.

"அம்மா, நீ வந்து சும்மா உக்காரு. பாத்திரம் மட்டும் எடுத்துக்கினு வா. வாயே தொறக்காத."

"ஏன்டி, நான் இன்னா சின்னப் புள்ளையா?"

காலிப் பாத்திரத்திலிருந்து பரிமாறுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. சட்டி நிறைய வஞ்சிரக் குழம்பும் சோறும் கொண்டுபோனேன். ஸ்டெல்லா மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குள் வாத்தியார்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் குள்ளம், ஒருவர் கண்ணாடி.

நாடகம் தொடங்கியது. கணவனாக நடித்த தினேஷ், கம்பெனியில் வேலை செய்யும் அண்ணனின் நீலச் சட்டையைப் போட்டு, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தான். பெண்டாட்டியாக நடித்த பெண் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். நான் பரிமாறினேன். அவன் தட்டைத் தொடாமல் எழுந்து போக வேண்டும், அதுதான் காட்சி. அந்தப் பிள்ளை காலையில் பட்டினியாக பஸ் ஏறி வந்தவன். குழம்பு வாசனை மூக்கில் ஏறியதும் கையை வைத்துவிட்டான்.

நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"ஜெபம் பண்ணாம கை வைக்காதப்பா."

நாடகம் என்பது எனக்கு மறந்தே போயிற்று. சோறு நிஜம்தானே? எழுந்து முக்காடு போட்டேன். தினேஷ் எழுந்தான். வகுப்பே எழுந்தது. வாத்தியார்கள் இரண்டு பேரும் எழுந்து கண்ணை மூடினார்கள். கூட்டம் எழுந்து நின்றால் எனக்கு ஜெபம் தானாக நீளும்.

"கர்த்தாவே, இந்தச் சாப்பாட்டுக்காக ஸ்தோத்திரம். இந்தப் புள்ளைக்கு வேலை போய் ஒரு மாசம் ஆகுது ஆண்டவரே. வூட்ல சொல்லாம பார்க்குல உக்காந்துகினு கீறான். அவன் பொண்டாட்டிக்கும் தெரியும் ஆண்டவரே, தெரியாத மாரியே டப்பா கட்டிக் குடுக்கிறா. ரெண்டு பேரையும் மனசு வுட்டுப் பேச வையும். வந்துகீற ஐயாமாருங்கள ஆசீர்வதியும். அந்தக் கண்ணாடி போட்ட ஐயா முசுடுன்னு என் பொண்ணு ராத்திரியெல்லாம் தூங்கல. அவர் மனச இளக்கி, ஸ்டெல்லா வேலைய நிரந்தரமாக்கும். ஆமென்."

வகுப்பே ஆமென் சொன்னது. கண்ணாடி ஐயாவும் சொன்னார்.

ஒரு மணி நேர வகுப்பில் ஐம்பது நிமிடம் பாக்கி இருந்தது. பாடம் எதுவும் பாக்கி இல்லை.

ஸ்டெல்லா கறுப்புப் பலகையைப் பார்த்து நின்றவள் திரும்ப வெகுநேரம் ஆனது. திரும்பி ஏதேதோ கேள்வி கேட்டாள். கேட்டதற்கெல்லாம் ஒரு பையன், "ஆயா சொன்ன மாதிரிதான் மேடம்" என்றான்.

பஸ்ஸில் பென்னலூர் வந்து சேர்ந்தோம். இறங்கினதும் கேட்டாள்.

"உன்னாண்ட நான் இன்னா சொன்னேன்?"

"வாயைத் தொறக்காதன்ன."

"அப்புறம்?"

"நான் உங்க யாராண்டயும் பேசலியே. ஆண்டவராண்டதான பேசினேன்?"

அவள் நடுரோட்டில் நின்று அழுதாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று இரவு எனக்கும் சோறு இறங்கவில்லை.

கண்ணாடி ஐயா எழுதியதை ஸ்டெல்லா பிறகு படித்துக் காட்டினாள்: 'பாடம் நடத்தும் முறை நன்று. அடுத்த ஆண்டு மீண்டும் பார்க்க வேண்டும், உறவினர் இல்லாமல்.' அடுத்த வருடம் அவர் வருவதற்கு முந்தின நாளே என்னைச் சுங்குவார்சத்திரத்தில் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். வேலை நிரந்தரமானது. போகும்போது அவர், "அம்மா வரலையா?" என்று கேட்டாராம்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் ரகசியம் சொல்வதில்லை. மருமகன் புது வண்டிக்கு முன்பணம் கட்டியபோதுகூட, "அத்தைக்குத் தெரிய வேணாம், ஜெபத்துல போட்டுடுவாங்க" என்றார். சாப்பாட்டு ஜெபம் இப்போது பேத்தி ரூபிதான் செய்கிறாள். இரண்டே வரி.

அவள் ஒருத்திதான் இன்னும் என்னை நம்புகிறாள்.

ரூபி, இங்கே வா. இதைச் சத்தமாக ஒருதரம் வாசி, எழுத்து சரியாக இருக்கிறதா பார்ப்போம். உங்கம்மா ஸ்டெல்லா அடுப்படியில்தான் இருக்கிறாள், அவளும் கேட்கட்டும். நீ பயப்படாதே, போன வாரம் கம்பெனி இன்டர்வியூவுக்குப் போகாமல் சினிமாவுக்குப் போனதை நான் எங்கேயும் எழுதவில்லை.