பத்தாம் கட்டின் இருபதாவது கேள்வி

“மூணாவது சுத்துக்கு எல்லாரும் பத்தாம் கேள்விக் கட்டைப் பிரிச்சு வாசிங்க” என்று நோரீன் அறிவித்தபோது, வெண்டலின் வாயில் டோனட் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக இருந்தது.

“பத்தாம் கட்டு கடைசிச் சுத்துக்கு இல்ல?” என்றான், உதட்டில் சர்க்கரையோடு.

“இருந்துச்சு. மூணாம் கட்டை யாரோ ஜெராக்ஸ் மெஷின் மேல மறந்து வச்சிட்டுப் போயிட்டாங்க. பசங்க ரெண்டு பேரு பாத்துட்டானுங்க. இனிமே அது குப்பைக்குத்தான். அதுக்குப் பதிலா பத்து. கடைசிச் சுத்துக்கு உபரிக் கட்டு இருக்கு.”

வெண்டலுக்கு டோனட் தொண்டையில் நின்றுவிட்டது.

ஹார்லன் க்ரீக் உயர்நிலைப் பள்ளியின் பிப்ரவரி வினாடி வினாப் போட்டியை நோரீன்தான் பல வருஷமாக நடத்துகிறார். பதினாறு அணிகள், எட்டு அறைகள், எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் ஒரே கேள்விக் கட்டு. வாசிப்பவர் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே பிள்ளைகள் பஸ்ஸரை அமுக்கிவிடுவார்கள். பதில் தப்பென்றால் ஐந்து புள்ளி போச்சு. அயோவாவில் மற்ற பிள்ளைகள் மல்யுத்தம் செய்கிற பருவத்தில் இவர்கள் இதைச் செய்கிறார்கள். பெற்றோர்கள் கவலைப்படுவதை நிறுத்திவிட்டார்கள்.

கேள்விகளை எழுதுவது வெண்டல், அதே பள்ளியின் பௌதிக ஆசிரியன். முப்பத்தாறு வயது, நல்லவன், வாய் பேசாதவன். அவன் கேள்வியை யாராவது திருத்தினால் மட்டும் அவனுக்குக் காதைத் திருகினாற்போல் வலிக்கும். அதனால் திருத்தங்களைப் படிக்கவே மாட்டான். வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ‘அனைத்தையும் ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அமுக்கி, ‘எல்லாம் சம்மதம், நன்றி’ என்று ஒரு வரி அனுப்பிவிடுவான். மானஸ்தர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

இலக்கியமும் வரலாறும் திருத்துவது லோர்னா. ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊரின் நூலகர். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவளும் வெண்டலும் போனில் பேசுவார்கள். நெப்போலியனைப் பற்றிய கேள்வியில் குதிரையை முதல் வரியில் வைக்கலாமா, மூன்றாம் வரியில் வைக்கலாமா என்பதுதான் பேச்சு. ஆறு வருஷமாக அவன் அவளைக் காதலிக்கிறான். ஆறு வருஷமாகப் பேச்சு குதிரையைத் தாண்டவில்லை.

இப்போது தூரத்து ஓரிகன் மாநிலத்தில் ஒரு பெரிய நூலகம் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவள் போய்விட்டால் வெண்டலுக்கு மிஞ்சுவது குதிரை மட்டும்தான்.

ஆகவே அவன் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினான். கடைசிச் சுற்றை எப்போதும் லோர்னாதான் வாசிப்பாள், பள்ளி நூலக மண்டபத்தில், எல்லோர் முன்னாலும். அந்தப் பத்தாம் கட்டின் இருபதாவது கேள்வியாக அவன் இதை எழுதி வைத்தான்:

‘இவர் வாத்தைக் கண்டால் சாலையின் எதிர்ப்பக்கம் போய்விடுவார். புத்தகத்தின் முனையை மடிப்பவர்களோடு பேச மாட்டார். பத்துப் புள்ளிகளுக்கு: இதை இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் இவர், பின்வரிசையில் மோதிரத்தோடு நிற்கும் வெண்டலைக் கல்யாணம் செய்துகொள்வாரா?’

கீழே, முறைப்படி: ‘விடை: ஆம். “சரி”, “ம்” ஆகியவற்றையும் ஏற்கவும்.’

லோர்னா கண்ணில் முன்கூட்டியே பட்டுவிடக் கூடாதென்று கேள்வியின் தலையில் ‘பௌதிகம்’ என்று போட்டான். அறிவியல் திருத்துவது கஸ் தாத்தா. ஓய்வுபெற்ற உயிரியல் வாத்தியார். பௌதிகம் என்று கண்டாலே கொட்டாவி விடுவார் என்பது வட்டாரமே அறிந்த விஷயம். கோட்டை கட்டியாகிவிட்டது என்று வெண்டல் நினைத்தான்.

இப்போது அதே கேள்வியை எட்டு அறைகளில் எட்டுப் பேர், அறுபத்துச் சொச்சம் பிள்ளைகள் முன்னால், காலைப் பத்தரை மணிக்கு வாசிக்கப் போகிறார்கள்.

“நோரீன், பத்தாம் கட்டுல இருபதாவது கேள்வி தப்பு. அத மட்டும் விட்டுடச் சொல்லுங்க.”

“என்ன தப்பு?”

“பெரிய தப்பு.”

“அதான் என்னன்னு கேக்கறேன். ஆதாரம் வேணும்ப்பா. போன வருஷம் ஒரு கோச் வெள்ளரிக்காய் பழம்னு நிரூபிக்க தாவரவியல் பேராசிரியரையே தூக்கத்துலேருந்து எழுப்பினாரு.”

“வெளிய சொல்ல முடியாத தப்பு.”

நோரீன் அவனைக் கனிவோடு பார்த்தார். அவர் கனிவாகப் பார்த்ததை அந்த வட்டாரத்தில் யாரும் கண்டதில்லை. “உனக்கு இந்த நேரத்துல படபடப்பாத்தான் இருக்கும். இந்தா, இன்னொரு டோனட் சாப்பிடு. கேள்விய நான் லோர்னாவ விட்டுப் பாக்கச் சொல்றேன்.”

“ஐயோ வேணாம்! தப்பே இல்ல. ரொம்ப நல்ல கேள்வி.”

பின்னாலிருந்து ஒரு கை அவன் முதுகில் விழுந்தது. கஸ். “என்னடா வெண்டல்! இனிமே சனிக்கிழமைன்னா உனக்கு வேற சோலி வந்துரும், எங்க மூஞ்சியெல்லாம் ஞாபகம் இருக்குமா?” என்று கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

ஆக, தன்னைப் போட்டியிலிருந்தே நீக்கப் போகிறார்கள் என்று வெண்டல் புரிந்துகொண்டான். வருத்தமாக இருந்தது. ஆனால் வருத்தப்பட நேரமில்லை. காபிப் பாத்திரத்தின் பக்கத்தில் லோர்னா நின்றாள்.

“ஓரிகனுக்கு...” என்று ஆரம்பித்தான்.

“அப்பவே எழுதிப் போட்டுட்டேனே” என்றாள் அவள், முகமெல்லாம் சிரிப்பாக. “இன்னும் எதுக்கு அவங்களக் காக்க வைக்கறது?”

இவ்வளவு சந்தோஷமாகவா ஒரு மனுஷி ஊரைவிட்டுப் போவாள்? ஆனாலும் எழுதிய கடிதத்தை இன்னொரு கடிதத்தால் மாற்றலாம். அதற்கு அவன் இன்றைக்கே கேட்டாக வேண்டும். கேட்பதற்கு அந்தக் கேள்வி கடைசிச் சுற்று வரை உயிரோடு இருக்க வேண்டும். மூன்றாம் சுற்றிலிருந்து அதைப் பிய்த்து உபரிக் கட்டில் சேர்த்துவிடுவது என்று தீர்மானித்தான்.

பிய்ப்பது என்றால் நிஜமாகவே பிய்ப்பது. இடைவேளையில் வாசிப்பாளர்கள் காபிக்குப் போனதும் அறை அறையாக நுழைந்து, பத்தாம் கட்டின் கடைசித் தாளைக் கிழித்துக் கோட்டுப் பைக்குள் திணித்தான். திருட்டு அவனுக்குப் பழக்கமில்லை. கிழித்த தாளை ஏறெடுத்துப் பார்க்கவும் வெட்கமாக இருந்தது. ஆறு அறைகள் முடிந்தன.

ஏழாவது அறையில் கஸ் காபிக்கே போகவில்லை. கட்டுகளை நாற்காலியில் போட்டு அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தார்.

“என்ன வேணும்?”

“சும்மா, பத்தாம் கட்டு அச்சு சரியா விழுந்திருக்கான்னு...”

“என் பொண்டாட்டி கேட்டாலே காட்ட மாட்டேன். நீ மாப்பிள்ளையா இருந்தாலும் அதே சட்டம்தான். போ.”

எட்டாவது அறை லோர்னாவுடையது. அவள் கட்டுகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறவள். அங்கே புள்ளி எழுதுகிற பிரிட்டா மட்டும் இருந்தாள். வெண்டலின் மாணவி, டோனட் எல்லாம் அவள் அம்மாவின் பேக்கரியிலிருந்து வந்தவை.

“சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அம்மா...”

“அப்புறம் பிரிட்டா, அப்புறம்!”

மணி அடித்தது. மூன்றாம் சுற்று தொடங்கியது.

கிழித்த தாளில் இருபதாவது கேள்வி மட்டுமா இருக்கும்? பதினேழும் பதினெட்டும் பத்தொன்பதும் அதில்தான் இருந்தன. இது வெண்டலுக்குக் கூடத்தில் ஆறு கதவுகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் திறந்தபோதுதான் உறைத்தது.

“எங்க அறைல பதினாறோட தீந்து போச்சு!”

“நாங்க பத்து புள்ளி பின்னால இருக்கோம், இன்னும் நாலு கேள்வி குடுத்தே ஆகணும்!”

“முறையீடு! நான் முறையீடு பண்றேன்!” என்று ஒரு கோச் சட்டப் புத்தகத்தை உயர்த்திக்கொண்டு ஓடினார். அவருக்கு அது அந்த வருஷத்தின் மிகச் சந்தோஷமான நிமிஷமாக இருந்திருக்க வேண்டும்.

வெண்டல் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு எட்டாவது அறைக்குள் புகுந்தான். லோர்னா பதினாலாவது கேள்வியில் இருந்தாள். ஆட்டத்தை நிறுத்தினால் போதும். சுவரோரமாகச் சாய்கிறவன்போல் சாய்ந்து, பஸ்ஸரின் ஒயரைக் காலால் பிடுங்கினான்.

பஸ்ஸர் செத்தது. லோர்னா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். “பரவால்ல, மேசைய அறைங்க. முதல்ல யாரு அறையறாங்களோ அவங்க பதில்.”

பிள்ளைகளுக்குக் குஷி தாங்கவில்லை. பஸ்ஸரை அமுக்குவதில் காட்டிய நிதானம்கூட இப்போது இல்லை. பதினைந்து, அறை. பதினாறு, அறை. பதினேழில் ஒருவன் கேள்வி தொடங்குமுன்பே அறைந்து ஐந்து புள்ளியை இழந்தான். ஆட்டம் முன்னைவிட இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியது.

“பத்தொன்பது” என்றாள் லோர்னா, தாளில் விரலை ஓட்டிக்கொண்டே.

வெண்டல் கூடத்துக்கு ஓடினான். சுவரில் சிவப்புப் பெட்டி. அதில் ஒரு கைப்பிடி. அதன் மேல் ‘தீ விபத்தின்போது மட்டும்’ என்று தெளிவாகவே எழுதியிருந்தது. தன் வாழ்க்கை எரிகிறதே, அது கணக்கில் வராதா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு இழுத்தான்.

பள்ளி மொத்தமும் வெளியே போய்ப் பனியில் நின்றது. கோட்டு போட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். பிள்ளைகள் பல் கிட்டிக்க நின்றபடி ஒருவரையொருவர் பனிக்கட்டியின் மூலக்கூறு அமைப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கஸ் கட்டுகளைச் சட்டைக்குள் வைத்துக் கட்டிப்பிடித்திருந்தார். தீயணைப்பு வண்டி வந்தது. வந்தவர்கள் தீயைத் தேடிவிட்டு, டோனட் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டுப் போனார்கள்.

பிறகு உணவுக் கூடத்தில் முறையீட்டுக் குழு உட்கார்ந்தது. நோரீன், கஸ், லோர்னா. எதிரே வெண்டல். அவன் கோட்டுப் பையிலிருந்து ஒரு தாளின் முனை எட்டிப் பார்த்தது.

“நீயாப்பா கிழிச்சே?” என்றார் நோரீன்.

“நான்தான்.”

“மணியடிச்சது?”

“அதுவும்.”

“ஏன்?”

வெண்டல் லோர்னாவைப் பார்த்தான். ஆறு வருஷத்தில் முதல்முறையாகக் குதிரை வழிவிட்டு விலகி நின்றது. “அந்த இருபதாவது கேள்வி... அதை லோர்னா கடைசிச் சுத்துலதான் வாசிக்கணும்னு இருந்தேன்.”

“எந்தக் கேள்வி, பேட்ஜர் கேள்வியா?” என்றார் கஸ். “என் அறைல மணியடிக்கறதுக்கு முன்னாடியே வாசிச்சிட்டேன். வளை தோண்டற பிராணி. முதல் வரிலயே அடிச்சிட்டாங்க.”

“பேட்ஜரா?”

வெண்டல் பைக்குள் கைவிட்டு ஒரு தாளை எடுத்து விரித்தான். இருபது: வளை தோண்டும் பிராணி. விடை: பேட்ஜர். இன்னொன்றை விரித்தான். அதிலும் பேட்ஜர். ஆறு தாளிலும் பேட்ஜர்தான்.

“உன் கேள்வி பௌதிகம் இல்லைன்னு எனக்கே தெரிஞ்சுதுடா” என்றார் கஸ். “என் துறையும் இல்ல. அதான் லோர்னா பக்கம் தள்ளிவிட்டேன்.”

“நான்தான் எடுத்துட்டேன்” என்றாள் லோர்னா. காது நுனி வரை சிவந்திருந்தாள். “அத இனிமே எதுக்கு வெண்டல் எல்லார் முன்னாலயும் வாசிச்சுக்கிட்டு?”

வெண்டல் தலையை ஆட்டினான். கேள்வியைப் பார்த்திருக்கிறாள். பார்த்து, எடுத்துப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு பேட்ஜரை வைத்திருக்கிறாள். இதைவிட மரியாதையாக ஒருவர் மறுக்க முடியாது.

“சரி” என்றான். “ஓரிகன்ல குளிர் கம்மின்னு சொல்றாங்க.”

“ஓரிகனா?” என்று லோர்னா புருவத்தைச் சுருக்குவதற்குள் நோரீன் மேசையைத் தட்டினார். “பேச்சு போதும்! மூணாம் சுத்து செல்லாது. உபரிக் கட்ட வச்சு மறுபடி ஆடறோம். எட்டு அறைலயும் பசங்க காத்திட்டிருக்காங்க, எழுந்திருங்க. வெண்டல், நீ எதையும் தொடாம ஒரு ஓரமா நில்லு.”

லோர்னா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அறைக்குப் போனாள். வெண்டல் ஓரமாகப் போய், கூடத்து ஜன்னலுக்கு வெளியே பனியில் பதிந்த காலடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். பையில் மோதிரப் பெட்டி இடித்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டிருக்கலாம் என்று நினைத்தபோது அழுகை வந்துவிடும்போல் இருந்தது.

பிரிட்டா புள்ளித்தாளோடு ஓடி வந்து மூச்சு வாங்க நின்றாள்.

“சார், இப்பவாவது சொல்லுங்க. எலுமிச்சை கேக்குன்னு லோர்னா மிஸ் உங்க கேள்வித் திருத்தத்துலயே எழுதினாங்களாம், நீங்களும் ‘எல்லாம் சம்மதம், நன்றி’ன்னு பதில் போட்டுட்டீங்களாம், அம்மா கேக்கறாங்க, ஜூன் பதினாலு உங்க கல்யாணத்துக்கு அது ரெண்டு அடுக்கா, மூணு அடுக்கா?”