புத்தர் எங்கள் கட்சிதான்

புத்தர் இன்றைக்கு இருந்திருந்தால் எங்கள் ஏணிக் கட்சியில்தான் இருந்திருப்பார். இதை ஒரு திங்கட்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கண்டுபிடித்தேன். பெரிய உண்மைகள் எனக்கு எப்போதும் வாயில் நுரையோடுதான் உதிக்கும். கொப்பளித்துவிட்டு மனைவியிடம் ஓடினேன். அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“புத்தர் நம்ம கட்சி.”

“உறுப்பினர் கார்டு வாங்கிட்டாரா?”

“கேலி பண்ணாதே. மனுஷங்கள்ல உசத்தி தாழ்த்தி இல்லைன்னு சொன்னவர். நாங்களும் அதைத்தான் சொல்றோம்.”

“ஏங்க, அவர் பதவி வேண்டாம்னு அரண்மனையை விட்டு வெளியே போனவர். நீங்க பதவி வேணும்னு உள்ளே போறவர். எதிர்ப்பக்கம் போற பஸ்ல இருக்கிறவரை எப்படிங்க கூட்டாளிங்கறீங்க?”

“அவர் சாந்தமானவர். எங்களுதும் சாந்தமான கட்சி.”

“போன கூட்டத்துல உங்க செயலாளர் நாற்காலியைத் தூக்கி எறிஞ்சாரே?”

“சாந்தமாத்தான் எறிஞ்சார். பிளாஸ்டிக் நாற்காலி.”

எங்கள் வீட்டில் அரசியல் விவாதம் இப்படித்தான் நடக்கும். தலைப்பு என்னுடையது. முடிவுரை அவளுடையது.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். இந்த வட்டாரத்தில் பாதிப் பேர் என் தயவால்தான் எதிரில் வருவது யாரென்று தெரிந்து ஒதுங்கிப் போகிறார்கள். இருபது வருஷமாகக் கட்சிக்கு உழைக்கிறேன். போஸ்டர் ஒட்டியிருக்கிறேன், கோஷம் போட்டிருக்கிறேன், மேடை சரிந்தபோது கீழே இருந்திருக்கிறேன். இந்த முறை வார்டு தேர்தலில் நானே நிற்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வெறும் ஆசை இல்லை, உயிர் ஆசை. கட்சி டிக்கெட்டுக்குப் போட்டி ஒரே ஒருவர்தான், எங்கள் மேல்மாடியில் வீடும் கிளினிக்குமாக இருக்கும் பல் டாக்டர்.

டாக்டரை ஊதித் தள்ளிவிடுவேன். ஆனால் எங்கள் கட்சியில் ஒரு விதி இருக்கிறது. போன தேர்தலில் எங்கள் வேட்பாளரின் மனைவியே பால்கனியில் குடைக் கட்சியின் கொடியைக் கட்டிவிட்டார். மானம் கப்பலேறியது. அன்றிலிருந்து, வேட்பாளராக விரும்புகிறவர் தன் வீட்டார் ஏகமனதாக ஆதரிப்பதாக எழுத்தில் தீர்மானம் காட்ட வேண்டும். டாக்டருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவர் வீட்டில் எப்போதும் ஏகமனதுதான். என் வீட்டில் இரண்டு பேர், அதாவது நானும் எதிர்க்கட்சியும்.

“ஜெயிச்சா வீட்டுப் பக்கமே வர மாட்டீங்க. தோத்தா வீட்டை விட்டே போக மாட்டீங்க. எனக்கு ரெண்டும் கட்டுப்படியாகாது” என்று அவள் முன்பே சொல்லிவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் புத்தர் கைகொடுத்தார். ‘புத்தரும் ஏணியும்’ என்று கட்சிக் கூட்டத்தில் பேசுவதற்காக ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். புத்தரின் சங்கத்தில் எப்படி முடிவெடுத்தார்கள் என்று ஒரு பக்கம் இருந்தது. ஒரு தீர்மானத்தை முன்வைப்பார்கள். மூன்று முறை கேட்பார்கள். மறுப்பவர் பேச வேண்டும். யாரும் வாய் திறக்காவிட்டால் நிறைவேறியது.

எனக்குப் புல்லரித்தது. மனைவியிடம் கையெழுத்து வாங்குவது கஷ்டம். ஆனால் அவள் காதில் விழாதபடி மூன்று முறை கேட்பது அவ்வளவு கஷ்டமில்லை!

புதன்கிழமை சாப்பாட்டு மேசையில் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். “இனிமே நம்ம வீட்லயும் புத்தர் முறைதான். மூணு தடவை கேக்கணும். பதில் வரலைன்னா நிறைவேறிடுச்சு. இதுதான் உண்மையான ஜனநாயகம்.”

“நல்லா இருக்கே” என்றாள்.

இருபத்து மூன்று வருஷத்தில் என் யோசனையை அவள் நல்லா இருக்கு என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். அவள் பால் கூட்டுறவுச் சங்கத்தில் பதினெட்டு வருஷமாக நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்பு எழுதுகிறவள். தலைவர் தும்மினால் மணி நிமிஷத்தோடு பதிவாகும். நானோ சந்தோஷத்தில் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டேன்.

“ஆனா மினிட்ஸ் எழுதணும்” என்று புது நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். “யார் தீர்மானம் போட்டாலும் இதுல ஏறணும். ஏறினா ஏறினதுதான். சரியா?”

“சரி! சரி! சரி!” என்று நானே மூன்று முறை சொன்னேன். தீர்மானம் ஒன்று நிறைவேறியது.

வியாழக்கிழமை காலை அவள் குளிக்கப் போனாள். குழாய் திறந்தது. தண்ணீர் வாளியில் மடமடவென்று கொட்டியது. நான் கதவருகே போய், கொசுவுக்கு ரகசியம் சொல்கிற குரலில் கேட்டேன். “நான் வார்டு தேர்தல்ல நிக்கிறதை இந்த வீடு ஏகமனதா ஆதரிக்கிறது. மறுப்பு உண்டா?” ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. உள்ளே தண்ணீர்தான் பேசியது. ஓடிப்போய் நோட்டில் எழுதினேன், ‘தீர்மானம் இரண்டு, வியாழன் காலை 7.10, நிறைவேறியது.’ செயலாளருக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். கடையில் அன்று கிட்டப்பார்வைக்காரருக்குத் தூரப்பார்வைக் கண்ணாடியை மாட்டி அனுப்பினேன். அவ்வளவு ஆனந்தம்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வேட்பாளருக்குரிய நிம்மதியோடு தூங்கினேன்.

ஞாயிறு சாயங்காலம் செயலாளர் வந்தார். மனைவி காபி கொடுத்தாள். நான் நோட்டை நீட்டினேன்.

“அண்ணே, தீர்மானம் ரெண்டு படிச்சேன். பிரமாதம்” என்றார். பிறகு பக்கத்தைத் திருப்பினார். “மூணுன்னு ஒண்ணு இருக்கே?”

“மூணா?”

அவர் உரக்கப் படித்தார். “‘தீர்மானம் மூன்று. சனிக்கிழமை பகல் 2.40. குளியலறை கழுவும் பொறுப்பு கணவருடையது. மூன்று முறை கேட்கப்பட்டது. கணவர் குறட்டை விட்டார். குறட்டை மறுப்பாகக் கருதப்படவில்லை. நிறைவேறியது.’”

காபி எனக்குப் புரையேறியது.

“‘நான்கு. மனைவியின் அண்ணன் ஒரு மாதம் வந்து தங்குவார். கணவர் புரண்டு படுத்தார். நிறைவேறியது. ஐந்து. டிவி ரிமோட் மனைவியிடம் இருக்கும். கணவர் தூக்கத்தில் சிரித்தார். மகிழ்ச்சியுடன் நிறைவேறியது.’ அடேயப்பா, இப்படி மினிட்ஸ் எழுத நம்ம கட்சியில ஆளே இல்லையே!” செயலாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். நான் போட்டுக்கொடுத்த கண்ணாடி. “‘ஆறு. ஞாயிறு பகல் 3.10. தீர்மானம் இரண்டு ரத்து செய்யப்படுகிறது. வார்டு தேர்தலில் இந்த வீடு மேல்மாடிப் பல் டாக்டரை ஏகமனதாக ஆதரிக்கிறது.’”

“செல்லாது!” என்று எழுந்தேன். “நான் தூங்கிட்டு இருந்தேன். தூங்கறவன்கிட்ட கேட்டா அது கேள்வியா?”

“வாஸ்தவம்தானேம்மா?” என்றார் செயலாளர்.

“அப்படியே வெச்சுக்குவோம் சார்” என்றாள் மனைவி, தட்டை எடுத்துக்கொண்டே. “அப்போ நான் குளிச்சிட்டு இருக்கும்போது கேட்ட ரெண்டாவது தீர்மானமும் செல்லாது. முன்மாதிரி அவர் வெச்சது. நான் பின்பற்றினேன், அவ்வளவுதான்.”

செயலாளர் என்னைப் பார்த்தார். “குளிக்கும்போதா கேட்டீங்க?”

நான் நோட்டைப் பார்த்தேன்.

“அண்ணே, செல்லும்னா உங்க வீட்டு ஆதரவு டாக்டருக்கு. செல்லாதுன்னா உங்களுக்கு வீட்டு ஆதரவே இல்லை. அப்பவும் டாக்டர்தான். எதுன்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

அவர் மாடிப்படி ஏறிப் போகும் சத்தம் கேட்டது. டாக்டருக்குச் செய்தி சொல்ல. இருபது வருஷ உழைப்பு ஒவ்வொரு படியாக மேலே போய்க்கொண்டிருந்தது. எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

“ஏன் இப்படிப் பண்ணே? அதுவும் டாக்டருக்கு!”

“மூணு மாசம் அவர் ஓட்டு கேக்கப் போயிடுவார். மேல அந்தத் துளை போடற மிஷின் ஓடாது. எனக்குத் தலைவலி இருக்காது.” பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “தவிர, ஆசைதான் துன்பத்துக்குக் காரணம்னு புத்தர் சொன்னார் இல்லையா? உங்க துன்பத்தை வேரோட எடுத்துட்டேன்.”

“அதை அவங்கவங்கதான் எடுத்துக்கணும்னு சொன்னார்!”

“நீங்கதான் எந்த வேலையையும் நீங்களா எடுத்துச் செய்ய மாட்டீங்களே.”

ஆனால் நான் சோர்ந்துவிடுகிறவன் இல்லை. வேட்பாளர் பட்டியலை அறிவிக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. நோட்டு மேசைமேல்தான் இருந்தது. குறட்டை மறுப்பில்லை என்று அவள் எழுதிய விதியே எனக்கு ஆயுதம். அடுத்த சனிக்கிழமை மத்தியானம் நான் தூங்கவில்லை. தூங்குவதுபோல் நடித்தேன். அவள் அசந்து தூங்கினாள். சீரான மூச்சு, பாதி திறந்த வாய். பூனைபோல் கட்டிலருகே போய் மண்டியிட்டு உட்கார்ந்தேன்.

“தீர்மானம் மூணுலேர்ந்து ஆறு வரைக்கும் ரத்து. மறுப்பு உண்டா?”

மூச்சு சீராக வந்தது.

“மறுப்பு உண்டா?”

ஒரு கை நெற்றியைச் சொறிந்தது. மறுபடி அமைதி. பேனாவின் மூடியைத் திறந்தேன். என் இருபது வருஷமும் அந்தப் பேனா முனையில் வந்து நின்றது.

“மறுப்பு...” என்று மூன்றாவது முறை ஆரம்பித்தேன்.

“உண்டு” என்றாள், கண்ணைத் திறக்காமலே. “போய் பாத்ரூமைக் கழுவுங்க.”