இடி நின்று அரை மணி நேரம்

பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறவனைக் கூட்டிக்கொண்டு யாரும் பெண் பார்க்கப் போகக் கூடாது. போனால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

தூத்துக்குடியில் ஒரு கண்டெய்னர் யார்டில் பாதுகாப்பு மேற்பார்வையாளனாகச் சேர்ந்து அப்போது நான்கு மாதம். (அதற்குள் தேவைக்கு மேல் ஞானம் வந்திருந்தது.) ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருச்செந்தூர் பக்கத்துக் கிராமத்துக்கு அம்மா என்னைப் பெண் பார்க்க அழைத்துப் போனாள். பேருக்குத்தான், தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரின் நச்சரிப்பு தாங்கவில்லை. அம்மா மனதில் முடிவாகிவிட்ட பெண் கொற்கையில் இருந்தாள். சாயங்காலம் அங்கே போக வேண்டும்.

அந்த வீட்டுப் பெண் செல்வி காபி வைத்துவிட்டு ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். எனக்குப் பிடித்துவிட்டது. அதை அம்மாவிடம் சொல்லும் தைரியம்தான் இல்லை. அம்மா காலித் தம்ளரைக் கீழே வைக்கவும் இடி இடிக்கவும் சரியாக இருந்தது. மணி பதினொன்றரை.

"எந்திலே, மழ வலுக்கதுக்குள்ள போயிருவோம்."

பஸ் நிறுத்தத்துக்கு வெட்டவெளியில் அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். அங்கே உயரமானவை பனைமரங்களும் நானும்தான். எழுந்து நின்று வகுப்பைத் தொடங்கினேன். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் யாரும் வெளியே போகக் கூடாது. மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. குழாயையும் ஜன்னல் கம்பியையும் தொடக் கூடாது. செல்வியின் அப்பா பயபக்தியோடு போய் டிவி பிளக்கைப் பிடுங்கினார். (இடி தொடங்குமுன் பிடுங்கியிருக்க வேண்டும் என்று அவரைக் கண்டித்தேன்.)

அரை மணிக்குள் மறுபடி இடித்தால் முதலிலிருந்து எண்ண வேண்டும். இருபத்தெட்டாவது நிமிடத்தில் இடித்தது. அடுத்து இருபத்தைந்தாவதில். இப்படியே மணி மூன்றாகிவிட்டது.

எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போன வீட்டில் காபியோடு எழுந்துவிட வேண்டும். சோற்றில் கை நனைத்தால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். விருந்தாளி சாப்பிடாமல் வீட்டுக்காரர்களும் சாப்பிட முடியாது. ஆக, இரண்டு குடும்பமும் என்னால் பட்டினி.

செல்வி வந்து நின்றாள். "எங்கப்பாவுக்கு சுகர். நேரத்துக்குச் சாப்பிடலன்னா மயக்கம் வந்துரும். நீங்க ரெண்டு வாய் சாப்பிட்டாத்தான் அப்பா சாப்பிடுவாவ."

அவர் சுவரில் சாய்ந்து கண்களை மூடியிருந்தார். முதலுதவியும் என் பாடத்தில் உண்டு. "இலையப் போடுங்க" என்றேன்.

"ஏலே, கை நனைக்காதலே!" என்று அம்மா அலறியபோது நான் இரண்டாம் தடவை குழம்பு வாங்கிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் கொற்கைக்குப் போகவில்லை. தையில் கல்யாணம். "இடிக்குப் பயந்தவன் எலையில விழுந்துட்டான்" என்று அம்மா ஊரெல்லாம் சொன்னாள். நானோ ஓர் உயிரைக் காப்பாற்றிய பெருமையில் பதினோரு வருடம் மிதந்தேன்.

போன வருடம் மாமனாரைக் கண் ஆபரேஷனுக்கு அழைத்துப் போனோம். அவருக்கு சுகர் உண்டு என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். "சுகர் எத்தனை வருஷமா இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"எனக்கா? அப்படி ஒண்ணும் கிடையாதே" என்றார் மாமனார். ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது.

நான் செல்வியைப் பார்த்தேன்.

"என்ன முழிக்கிய? எனக்கும் பிடிச்சிருந்துச்சு, பசிக்கவும் செஞ்சுச்சு. நீங்களா வாயத் தொறந்து சொல்லப் போறிய?"

அன்று சுவரில் சாய்ந்தவர் தூங்கிக்கொண்டிருந்தாராம். இப்போது எங்கே இடி இடித்தாலும் மாமனார் எனக்கு போன் செய்துவிடுகிறார். "மாப்ள, எனக்கு மயக்கமா வருது. சாப்டியளா?"